சித்தப்பா கூப்பிட்டார், நான் கட் பண்ணேன்: கிரவுஞ்ச மலை சொல்லும் பாடம்

ஓம் சரவணபவ 🙏



இந்த வாரம் வேற ஒரு விஷயம் எழுதறதா இருந்தேன். ஆனா மனசுல ஒரு முள் இருக்கு. அதை முருகன் முன்னாடியும் உங்க முன்னாடியும் எடுத்து வைக்காம வேற எதுவும் எழுத வரல.

போன கிருத்திகை அன்னைக்குச் சாயங்காலம் மருதமலையில தரிசன வரிசையில நின்னுட்டு இருந்தேன். போன் அடிச்சுது. சித்தப்பா. கோயம்புத்தூர்ல ஆப் மூலமா டாக்ஸி ஓட்டறார். வரிசை நகர ஆரம்பிச்ச நேரம். கட் பண்ணிட்டு, "கோயில்ல இருக்கேன் சித்தப்பா, அப்புறம் பேசறேன்"னு ஒரு மெசேஜ் போட்டேன். தரிசனம் முடிஞ்சுது, ராஜ அலங்காரத்தை ஸ்டேட்டஸ் வெச்சேன். அவருக்குத் திரும்பக் கூப்பிட மட்டும் மறந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு சித்தி சொல்லித்தான் தெரிஞ்சுது. அந்த வாரம் ஓட்டின காசு, 6,840 ரூபாய், போயிடுச்சு. வண்டி டியூ கட்ட வெச்சிருந்த காசு.

நடந்தது இதுதான். காந்திபுரத்துல இருந்து ஏர்போர்ட் போக ஒரு புக்கிங் வந்திருக்கு. பிக்கப்புக்குப் போயிட்டு இருக்கும்போது கஸ்டமர்கிட்ட இருந்து போன். எடுத்தா, "அண்ணா, நாங்க கம்பெனி சப்போர்ட்ல இருந்து பேசறோம். உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஐடி பிளாக் ஆயிடும். நிறுத்தணும்னா உங்க போனுக்கு இப்ப ஒரு கோடு வரும், அதைச் சொல்லுங்க"ன்னு நல்ல தமிழ்ல, மரியாதையா பேசியிருக்காங்க.

சித்தப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்கு. "ஒரு நிமிஷம் சார்"னு வெச்சுட்டு, லட்சுமி மில்ஸ் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, கேட்கலாம்னு எனக்குத்தான் கூப்பிட்டிருக்கார்.

நான் கட் பண்ணேன்.

அடுத்த நிமிஷம் அவங்க மறுபடி கூப்பிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்தான் அண்ணா"ன்னு சொல்லவும், பதட்டத்துல கோடைச் சொல்லிட்டார். புக்கிங் கேன்சல் ஆச்சு. கொஞ்ச நேரத்துல அவரோட அக்கவுண்ட்டுக்குள்ள அவராலயே நுழைய முடியல.

🦚 இப்போ கந்தபுராணத்துக்குள்ள போவோம்.

அகத்திய முனிவர் தெற்கு நோக்கி வந்துட்டு இருக்கார். வழியில கிரவுஞ்சன்னு ஒரு அசுரன். முனிவரை நேரா எதிர்த்து நிற்க அவனுக்குத் தைரியம் இல்ல. அதனால மலை உருவம் எடுத்து, நடுவுல ஒரு பாதையைக் காட்டினான். பாதைன்னு நம்பி முனிவர் உள்ளே போனார். போகப் போக வழி மயங்குது. இது வழியில்ல, மாயைன்னு புரிஞ்சதும், கையில இருந்த தண்டத்தால அடிச்சு, "நீ இப்படியே மலையா கிட, முருகன் வேலால அழிவே"ன்னு சபிச்சார்.

யோசிச்சுப் பாருங்க. அகத்தியரையே ஒரு நிமிஷம் ஏமாத்தின மாயை அது. அது சுவர் மாதிரி வந்து தடுக்கல, வழி மாதிரி வந்து கூப்பிட்டுது. இன்னைக்கு நம்ம போனுக்கு வர்ற லிங்க்கும் அப்படித்தானே வருது? "ஐடியைக் காப்பாத்த இதை அழுத்துங்க", "போனஸ் வாங்க இதை அழுத்துங்க". ஆபத்து ஒருநாளும் ஆபத்துன்னு பேர் போட்டுக்கிட்டு வர்றதில்ல.

கதை இதோட முடியல. பின்னாடி முருகப்பெருமானோட படை தாரகாசுரனோட மோதினப்போ, அதே கிரவுஞ்ச மலைக்குள்ள மாயையில சிக்கினது யார் தெரியுமா? வீரபாகு. நவவீரர்கள்ல மூத்தவர், படைக்குத் தளபதி. அவரும் கூட வந்த வீரர்களும் உள்ளே மயங்கிக் கிடந்தாங்க. அப்போ முருகன் வேலை விட்டார். தாரகனும் அழிஞ்சான், மலையும் பிளந்துச்சு, வீரர்கள் எல்லாரும் வெளியே வந்தாங்க.

வேலைப் பத்திப் பெரியவங்க ஒண்ணு சொல்லுவாங்க. ஞானம்னா வேல் மாதிரி இருக்கணும்: ஆழமா, அகலமா, கூர்மையா. சித்தப்பா விஷயத்துக்கு அப்புறம்தான் எனக்கு அது உறைச்சுது.

*ஆழம்:* அடியில என்ன நடக்குதுன்னு பாக்கறது. அந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சு? ஏமாத்துறவன் தன் போன்ல ஆப்பைத் திறந்து, சித்தப்பா நம்பரைப் போட்டு லாகின் கொடுத்திருக்கான். அதுக்கான ஓடிபிதான் சித்தப்பா போனுக்கு வந்துச்சு. அதைச் சொன்னதும் அவன் உள்ளே போயிட்டான். பேங்க் அக்கவுண்ட்டை மாத்தி, சேர்ந்திருந்த காசை இழுத்துக்கிட்டான். ஆப் வழியா கஸ்டமரா வந்ததாலதான் அந்த அழைப்பு நிஜம் மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணும் இருக்கு. டிரைவர்கள் நாளெல்லாம் ஓடிபி கேட்டே பழகினவங்க. ஏறும்போது நாம சொல்ற கோடைப் போட்டாத்தானே டிரிப்பே ஆரம்பிக்கும்? அதனால "ஓடிபி"ங்கற வார்த்தை அவங்களுக்கு நமக்கு மாதிரி பயத்தைத் தராது. அந்தப் பழக்கத்துலதான் கன்னம் வைக்கிறாங்க. வித்தியாசத்தை இப்படி ஞாபகம் வெச்சுக்கச் சொல்லுங்க: *கோடு பயணிகிட்ட இருந்து டிரைவருக்கு வரலாம். டிரைவர் போனுக்கு வந்த கோடு யாருக்கும் போகக் கூடாது.*

*அகலம்:* மாயைக்கு ஒரு உருவம் மட்டும் இல்லைன்னு தெரிஞ்சுக்கறது. சூரபத்மன் கடைசியில கடலுக்கு நடுவுல மாமரமா நின்னான் இல்லையா? இவங்களும் அப்படித்தான். ஒருநாள் டிராபிக் அபராதம்னு வாட்ஸ்அப்ல ஒரு ஏபிகே ஃபைல் வரும். அதை இன்ஸ்டால் பண்ணி அனுமதி கொடுத்தா, போன்ல வர்ற எஸ்எம்எஸ் எல்லாத்தையும் அவன் படிப்பான். அப்புறம் நாம வாயைத் திறந்து ஓடிபி சொல்லவே வேண்டாம். இன்னொரு நாள் "கூடுதலா அனுப்பிட்டேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி யூபிஐ பின் போடுங்க, உங்க காசு வந்துடும்"பான். காசு வாங்கறதுக்குப் பின் தேவையே இல்ல. பின் போட்டா காசு நம்மகிட்ட இருந்து போகும், அவ்வளவுதான்.

*கூர்மை:* சட்டுனு வெட்டறது. "அஞ்சு நிமிஷத்துல பிளாக் ஆயிடும்"னு யாராவது சொன்னா, உடனே போனை வைக்கணும். வண்டியை நிறுத்தணும். ஆப்புக்குள்ள இருக்கற உதவிப் பக்கத்துக்கு நாமளே போய்ப் பாக்கணும். அவங்க கொடுத்த நம்பர் வேண்டாம், கூகுள்ல தேடிக் கிடைக்கிற கஸ்டமர் கேர் நம்பரும் வேண்டாம், அதுலயும் போலி இருக்கு. பயமும் அவசரமும்தான் மாயை வர்ற ரெண்டு வாசல். ஒரு தடவை "முருகா"ன்னு சொல்லி மூச்சு விடற நேரம் நமக்குக் கிடைச்சாலே போதும், பாதி மாயை கலைஞ்சிடும்.

அப்படியும் மாட்டிக்கிட்டா? உடனே *1930*க்குக் கூப்பிடுங்க. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. காசு ஒரு அக்கவுண்ட்டுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிக்கிட்டே போகும். புகார் எவ்வளவு சீக்கிரம் போகுதோ, அவ்வளவுக்கு நடுவழியில முடக்க வாய்ப்பு உண்டு. கூடவே பேங்க்குக்கும் டாக்ஸி கம்பெனிக்கும் சொல்லணும். சித்தப்பா ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. நாங்க புகார் கொடுத்தப்போ எடுக்க வேண்டிய காசை எடுத்துட்டாங்க. அக்கவுண்ட் மட்டும் திரும்பக் கிடைச்சுது.

"ஏன் சித்தப்பா சொல்லல?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "இருபது வருஷமா வண்டி ஓட்டறேன் கண்ணு. ஒரு சின்னப் பையன்கிட்ட ஏமாந்துட்டேன்னு எப்படிச் சொல்லறது?"ன்னார்.

எனக்கு அப்போ வீரபாகுதான் ஞாபகம் வந்தார். மலைக்குள்ள மயங்கிக் கிடந்தாரே, அதுக்காக முருகன் அவரை ஒதுக்கி வெச்சாரா? இல்ல. சூரபத்மன்கிட்ட தூது போக ஆள் தேவைப்பட்டப்போ, அதே வீரபாகுவைத்தான் அனுப்பினார். மாயையில சிக்கினது அவரோட வீரத்துல ஒரு துளியையும் குறைக்கல. இதைச் சித்தப்பாகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசல. டேஷ்போர்டுல இருக்கற மருதமலை முருகன் படத்தைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "வீரபாகுவுக்கே அப்படியா"ன்னு மட்டும் கேட்டார். அன்னைக்குச் சாயங்காலம் வண்டியை எடுத்தார்.

"நான் அன்னைக்குப் போனை எடுத்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சேன். "நீ சாமி கும்பிட்டுட்டு இருந்தே கண்ணு, அதை விடு"ன்னுட்டார். அவர் விட்டுட்டார். என்னாலதான் விட முடியல. வேல் வேணும்னு சன்னதியில நின்னு கேட்டுட்டு இருந்தேன். சித்தப்பாவுக்கு அந்த நேரத்துல தேவைப்பட்ட வேல், "சொல்லாதீங்க சித்தப்பா"ங்கற என்னோட ரெண்டு வார்த்தை. அதைத் தராம கையில வெச்சுக்கிட்டு வரிசையில நின்னேன்.

அதனால இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு வேண்டுதலா இதைச் செய்வோம். வீட்டுலயோ தெருவுலயோ ஆட்டோ, கார், பைக் டாக்ஸி ஓட்டறவங்க இருந்தா, பக்கத்துல உக்காந்து பத்து நிமிஷம் பேசுங்க. 1930ஐ அவங்க போன்ல சேவ் பண்ணிக் கொடுங்க. "சந்தேகம் வந்தா எந்நேரமும் எனக்குக் கூப்பிடுங்க"ன்னு சொல்லுங்க. சொன்னபடி போனை எடுங்க, கோயில் வரிசையில நின்னாலும் சரி. அரை நிமிஷம் பேசினதுக்காக முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

டிரைவர்கள் இருக்கற குரூப்புக்கு இதை அனுப்பி வைங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏