தேர்வை யார் தலையில் கட்டுகிறோம்?

கைபேசியிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்ற இரண்டு வழி. ஒன்று, கேபிளைச் செருகி, 'டிசிஐஎம்' ஃபோல்டரைத் திறந்து, வேண்டியதைப் பார்த்துப் பார்த்து காப்பி பண்ணுவது. மற்றது, கூகுள் ஃபோட்டோஸ், ஐகிளவுட் போன்றவற்றிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போவது. எது வசதி என்பதில் சந்தேகமில்லை. எது சரி என்பதுதான் கேள்வி.

தானியங்கி முறைக்கான வாதம் வலுவானது. போன் தண்ணீரில் விழும், பஸ்ஸில் திருடுபோகும். 'ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுகிறவர் இழப்பது குழந்தை முதன்முதலில் நடந்த படமாக இருக்கலாம். இழந்தபின் தத்துவம் பேசி என்ன பயன்?

ஆனால் அந்தப் பாதுகாப்பு நாம் நினைக்கிற அளவு உறுதியானதல்ல. ஐகிளவுடின் 'சிங்க்' பெட்டி இல்லை, கண்ணாடி. போனில் அழித்தால் இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளிலும் அழியும். 30 நாளுக்குள் மீட்கலாம், பிறகு போச்சு. கூகுள் 2015-இல் அளவில்லாமல் இலவசமாகத் தந்த இடத்தை 2021 ஜூனில் நிறுத்திக்கொண்டது. நாம் இருப்பது வாடகை வீட்டில்.

அதைவிட ஆழமான சிக்கல் வேறு. 36 படச் சுருள் காலத்தில், பட்டனை அழுத்துவதற்கு முன்பே தேர்வு நடந்துவிடும். டிஜிட்டல் வந்ததும் அது கேபிள் செருகும் அந்த அரைமணி நேரத்துக்கு நகர்ந்தது. தானியங்கி அந்த அரைமணியையும் எடுத்துவிட்டது. தேர்வு ஒழிந்ததா என்றால், இல்லை. வேறு கைக்குப் போனது.

முதலில் இயந்திரத்தின் கைக்கு. ஒரு காலையில் 'நினைவுகள்' என்று அது நீட்டும் படத்தில், போன வருஷம் இறந்த அப்பா சிரித்துக்கொண்டிருப்பார். முகமும் தேதியும் அதற்குத் தெரியும். இன்று அதைத் தாங்கும் தெம்பு நமக்கு இருக்கிறதா என்பது தெரியாது. அடுத்து, பிள்ளைகளின் கைக்கு. கரன்ட் பில்களுக்கும் குட்மார்னிங் ரோஜாக்களுக்கும் நடுவே, பல்லாயிரம் படங்களில் பாட்டியைத் தேட வேண்டியவர்கள் அவர்கள்தான். பாட்டியை அவர்களுக்கு அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம். தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலையைத் தெரியாதவர் தலையில் கட்டுவதுதான் இதிலுள்ள அறப்பிழை.

ஆகவே எல்லாரும் கேபிளுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. சுமப்பது இயந்திரத்தின் வேலையாகவே இருக்கட்டும். நம்மைவிட அது நன்றாகச் சுமக்கிறது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து, நூறு படங்களைக் கையால் எடுத்துத் தனியாக வைத்து, இன்னார், இந்த ஊர், இந்த விசேஷம் என்று எழுதி வைப்பது நம் வேலை. இரண்டு தலைமுறை போனால், பெயர் எழுதாத படத்தில் இருப்பவர் யாரோ ஒருவர்தான்.