அழித்த பொட்டு

2022இல் புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் முதன்முறையாக அக்கா மகளின் கணக்கில் ஏறியது. திட்டத்தின் முழுப்பெயரை அவள் சத்தமாக வாசித்தாள்: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அம்மாச்சி எழுந்து உள்ளே போய்விட்டார்.

ராமாமிர்தத்தை எனக்குத் தெரியும். பொட்டுக்கட்டும் வழக்கத்தை உள்ளிருந்தே எதிர்த்தவர். 1936இல் அதைப் பற்றி நாவலும் எழுதியவர். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் அந்த வழக்கத்தைத் தடை செய்தது. அம்மாச்சியைப் பெற்றவரும் பொட்டுக்கட்டி விடப்பட்டவர் என்பதுதான் எனக்குத் தெரியாது.

அன்றிரவு சொன்னார். அறுபதுகளில் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் தாத்தாவுக்கு வேலை கிடைத்து, காவிரிக்கரையிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கிறார்கள். பல ஊர்க்காரர்கள், யாருடைய பூர்வீகமும் யாருக்கும் தெரியாது. பிறகு தாயையும் அழைத்துக்கொண்டார்கள். "உங்கப்பா எங்கே?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டதற்கு, "தவறிட்டாரு" என்றிருக்கிறார் அம்மாச்சி. மறுநாள் காலை நெற்றிப் பொட்டும் கழுத்துப் பொட்டும் இல்லாமல் தாய் வெளியே வந்தார். (பொட்டுக்கட்டுவதில் பொட்டு என்பது தாலி.)

"நான் சொல்லல. அதுவா அழிச்சுக்கிச்சு." மூன்று தடவை சொன்னார்.

தெய்வத்துக்குக் கட்டப்பட்டவர் நித்திய சுமங்கலி. அவருக்குக் கைம்மை கிடையாது. அந்தப் பட்டத்தில் எனக்கு மயக்கமில்லை. ஆனால் அதிலிருந்து வெளியேற அவருக்குக் கிடைத்த ஒரே கதவு விதவைக்கோலம். மகளுக்காக அதைச் சாகும்வரை சுமந்தார்.

குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்கிறார் வள்ளுவர். நன்மை யாருக்கு, விலை யாருடையது என்று அவரிடம் கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பொய்யால்தான் என் அம்மாவுக்கு வரன் அமைந்தது, நான் படித்தேன். அதன் பலனைத் தின்றுகொண்டு அம்மாச்சியைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. கோபமெல்லாம் அந்த 'தவறிய' அப்பா மேல். அவர் அப்போது ஊரில் உயிரோடுதான் இருந்தாராம். அவர் வீட்டில் இது ரகசியமே இல்லை. மறைக்க அவருக்கு எந்தத் தேவையும் வரவில்லை. வெட்கம் மட்டும் ரயிலேறி ஆவடிக்கு வந்தது, பெண்களோடு.

இதை எழுதட்டுமா என்றேன். "ஊர்ப் பேரைப் போடாத" என்றார். கொஞ்சநேரம் கழித்து, கூடத்துப் படத்தைப் பார்த்தபடி, "ஸ்டூடியோல குடுத்தா இதுல ஒரு பொட்டு வெச்சித் தருவாங்களா?" என்றார்.

இன்னும் கொடுக்கவில்லை. அழித்தது அவர் கை. திரும்ப வைக்கும் உரிமை எங்களில் யாருக்கு என்று நானும் அக்காவும் பேசிக்கொண்டே இருக்கிறோம். படத்தைத் துடைப்பது அக்கா மகளின் வேலை; அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டோம்.