கட்டிவிட்டுத் தவக்குல் வைப்போம்



2017 பிப்ரவரியில் தமிழகமெங்கும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. ஊசி ஆபத்தானது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவவே, பல பெற்றோர் மறுத்தார்கள். ஓமந்தூரில் ஒரு தாய், “ஹஜ்ரத், போடலாமா?” என்று என்னிடம் கேட்டார். “உங்கள் விருப்பம்” என்று சொல்லி நழுவிவிட்டேன். அவர் போடவில்லை. அந்த நழுவல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

மறுத்தவர்கள் பாசமற்றவர்களா? இல்லை, பாசத்தால்தான் அஞ்சினார்கள். ஆனால், வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறதே! டாக்டரிடம் விசாரித்தோமா?

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்” என்பார் சிலர். உண்மைதான். ஆயினும், ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படியல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள்!

ரூபெல்லா நம் பிள்ளைக்கு இலேசான காய்ச்சலோடு போய்விடலாம். அடுத்த வீட்டுக் கர்ப்பிணிக்குத் தொற்றினாலோ, வயிற்றுச் சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி மஹ்ஷரில் கேட்கப்பட மாட்டோமா?

ஒன்பது மாதம் நிறைந்த பின்பும், பதினாறு மாதம் நிறைந்த பின்பும் அரசு இதனை இலவசமாகப் போடுகிறது. பிஸ்மில்லாஹ் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். ஷிஃபா தருபவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நமக்கு நல்லறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.