மூன்றாவது சிலிண்டர்

பழைய வொக்ஸ்வாகன் பீற்றில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். நான்கு சிலிண்டர்களில் முதலில் கெடுவது பெரும்பாலும் மூன்றாவதுதான். அதன் புகை வால்வு கருகும், சிலவேளை தலை முறிந்து பிஸ்டனையும் உடைக்கும். பிழை அந்தச் சிலிண்டரில் இல்லை. இது தண்ணீர் இல்லாத எஞ்சின். விசிறி தள்ளும் காற்றுத்தான் இதைக் காப்பாற்றுகிறது. பழைய அமைப்பில் எண்ணெய்க் குளிரூட்டி அந்தக் காற்றின் வழியில், மூன்றாவது சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. மற்றவைக்குக் குளிர்காற்றுக் கிடைக்க, மூன்றாவதற்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடான காற்று. புது வால்வு போட்டாலும் புது சிலிண்டரே போட்டாலும் அடுத்த முறையும் அதுதான் முதலில் கருகும்.

ஸ்டுட்கார்ட்டில் நான் கோப்பை கழுவும் உணவகத்தின் சமையல்காரர் ஒரு ஜேர்மன்காரர். உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் அவருடைய வீட்டுக் கராஜில் இருவருமாக ஒரு 1200 எஞ்சினைச் செய்துகொண்டிருக்கிறோம். 34 குதிரைவலு. கிராங் முன்பின்னாக மில்லிமீற்றரில் பத்திலொன்றளவுதான் அசையலாம். இதிலோ புல்லியைப் பிடித்து இழுத்தாலே கையில் தட்டுப்படுகிறது. மக்னீசியக் கூட்டைக் கடைந்து தடித்த பெயாரிங் போடவேண்டும். பிஸ்டன், சிலிண்டர், வால்வு எல்லாம் புதிது. கடைசியில் பழையதாக மிஞ்சப்போவது கூடும், கிராங்கும், கூட்டில் அடித்த இலக்கமும்தான்.

இடையில் நின்றுபோன என் பல்கலைக்கழகப் படிப்பில் மெய்யியல் ஒரு பாடம். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் அதே கப்பல்தானா என்று அங்கே கேட்டார்கள். அந்தக் கேள்வி இப்போது என்னை அதிகம் அலைக்கழிப்பதில்லை. உறுப்புகள் போனாலும் அமைப்பு நிற்கிறது, சூடு அமைப்பைப் பின்தொடர்கிறது. என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொன்று. குற்றத்தோடு பிறந்த ஒரு பொருளைத் திருத்தி ஓட்டுகிறவன் எதற்கெல்லாம் உரித்தாளி ஆகிறான்?

இந்தக் கார் பிறந்தது இந்த நகரத்தில். 1931 இல் ஃபேர்டினண்ட் போர்ஷே இங்கே தன் வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 1934 இல் 'மக்கள் கார்' ஒப்பந்தம் கிடைத்தது. ஃபொயர்பாகர் வீதியில் இருந்த அவருடைய வீட்டுக் கராஜில்தான் முதல் மாதிரிக் கார்கள் உருவாகின. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அடோல்ஃப் றோசன்பேர்கர் என்று ஒரு யூதரும் இருந்தார். பந்தயக் காரோட்டி, கணக்குவழக்கைப் பார்த்தவர், பத்திலொரு பங்குக்காரர். 1935 இல் அவருடைய பங்கு பெயரளவு விலைக்குக் கைமாறியது. அதே வருடம் அவர் கைதாகி கிஸ்லாவ் முகாமில் அடைக்கப்பட்டார். பிறகு பிரான்ஸ், அதன்பின் அமெரிக்கா. பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்து 1967 இல் அங்கேயே இறந்தார். நம்மைப் போல அவரும் அகதிதான் என்று சொல்லிவிடுவது இலேசு. நம்மில் பலர் உழைத்துக் கட்டிய எதையும் இப்படி விட்டுவரவில்லை.

மிகுதி பலருக்கும் தெரிந்த கதை. வாரம் 5 மார்க் கட்டிச் சேமித்த மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோரில் ஒருவருக்கும் ஹிட்லர் காலத்தில் கார் கிடைக்கவில்லை. தொழிற்சாலை போர்த் தளபாடம் செய்தது, சுமார் 20,000 பேரிடம் அங்கே கட்டாய உழைப்பு வாங்கப்பட்டது. நிறுவனம் அவர்களுக்கென ஒரு நிதியம் அமைத்தது 1998 இல். அதற்குள் எத்தனை பேர் உயிரோடு மிஞ்சியிருப்பார்கள்?

இதைச் சொன்னபோது நண்பர் ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னார், "இரும்புக்கு ஞாபகம் இல்லை. நான் பிறந்தது போர் முடிந்த பிறகு." இரண்டும் உண்மை. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று எனக்குப் படவில்லை.

ஏனென்றால் எங்களிடமும் இப்படி ஒரு எஞ்சின் கதை உண்டு. 1990 களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். என் பெரியப்பா இதைச் சொல்லும்போது முகம் மலரும், கேட்கும் எனக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் அதே 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். இரும்புக்கடை வைத்திருந்தவர்களும் லொறி வைத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுத்தான் போனார்கள். பின்னர் அவர்கள் வீடுகளின் ஓடும் கதவும்கூட மிஞ்சவில்லை. அந்தக் கடைகளில் கிடந்த நட்டும் போல்ற்றும் யாருடைய வண்டிகளில் ஏறின? எங்கள் கெட்டித்தனக் கதையில் அந்தக் கணக்கு வருவதே இல்லை.

அப்போது நான் கைக்குழந்தை. "எனக்கும் அதற்கும் என்ன" என்று நானும் சொல்லலாம். நண்பர் சொன்னதைவிட அது ஒன்றும் பொய்யாக இராது. குற்றம் பரம்பரைச் சொத்தல்ல என்று நானும் ஏற்கிறேன். ஆனால் ஓடு இறங்குகிறது, வீடு இறங்குகிறது, கடை இறங்குகிறது. பெருமையும் இறங்குகிறது. பெருமையை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை வாங்க மறுப்பது என்ன நியாயம்? தனி மனிதனைக் குற்றவாளி ஆக்காமலே இதைக் கேட்க முடியும். சிலிண்டரைக் குறை சொல்லாமல் காற்று எங்கே மறிபடுகிறது என்று பார்ப்பதைப் போல.

மூன்றாவதற்கு வொக்ஸ்வாகன்காரர் இரண்டு விதமாக வைத்தியம் பார்த்தார்கள். சில எஞ்சின்களில் அதற்கு மட்டும் தீப்பொறியைக் கொஞ்சம் பிந்த வைத்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. 1970 அளவில் பெரிய எஞ்சின்களில் குளிரூட்டியையே நகர்த்தி அதற்குத் தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். தகரக் கவசம், விசிறி எல்லாம் மாறவேண்டி வந்தது.

எங்களுடையது பழைய அமைப்பு. எதையும் மாற்றாமல் அசல்படியே இருக்கட்டும் என்கிறார் நண்பர். அப்படியானால் வால்வு இடைவெளியை அடிக்கடி அளக்கவேண்டும் என்கிறேன் நான். மூன்றாவதன் வால்வு சூட்டில் நீண்டு இடைவெளி சுருங்கும்போது தட்டும் சத்தம் குறைந்துகொண்டே போகும். எஞ்சின் நல்லாய் ஓடுகிறது என்று ஓட்டுகிறவன் நினைத்துக்கொண்டிருப்பான். கூடு இப்போது கடைசல்காரனிடம் இருக்கிறது. அது திரும்பி வந்த பிறகுதான் இந்த வாக்குவாதத்தின் மிச்சம்.