'ஒருமனதாக' என்று எழுதும் முன்

மலேசியத் தோட்டப்புறக் கோயில் நிர்வாகங்களின் கூட்டக் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'ஒருமனதாக'. கோயிலை இடம் மாற்றுவது, குடும்பத்துக்கு இவ்வளவு திருவிழாச் சந்தா என்பது, ஆடு வெட்டுவதை நிறுத்துவது எல்லாம் ஒருமனதாகவே நிறைவேறுகின்றன. நிறைவேறியபின் அவை ஊர் முழுவதையும் கட்டுப்படுத்துகின்றன. அத்தனை பேரின் மனம் ஒன்று என்று யார், எதை வைத்துச் சொன்னார்?

சுங்கை சிப்புட் பக்கத்து மண்டபம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். முன்வரிசையில் முன்னாள் தலைவர்கள். பெண்கள் பின்னால், அவர்களிலும் பாதிப் பேர் மடப்பள்ளியில். "யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் மூன்று விநாடி காத்திருக்கிறார். காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. "சரி, எழுதிக்குங்க."

அந்த மூன்று விநாடி மௌனத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ரப்பர் தோட்ட நாள்களில், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கிராணி என்ற எழுத்தர் பெயர் கூப்பிடுவார். பால்மரம் வெட்டுபவர் வாய் திறப்பது தன் பெயருக்குப் பதில் சொல்ல மட்டுமே. எதிர்த்துப் பேசினால் வேலையோடு லயத்து வீடும் போகும். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். கூட்டமாக நிற்பதென்றால் சொன்னதைக் கேட்டுக்கொள்வது என்று தலைமுறைகள் பழகின. இன்று துரை இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் தாமான் எனும் குடியிருப்புகளும். பழக்கம் போகவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கெழுதும் நிர்வாகம், அந்தப் பழைய அச்சத்தின் பலனை அறுவடை செய்கிறது.

அதற்காக ஒருவர் முரண்டு பிடித்தால் ஊரே நிற்க வேண்டுமா? கோயிலைக் காலி செய்ய நிலத்துக்காரக் கம்பெனி கெடு வைத்திருக்கையில் அது எல்லாரையும் தெருவில் விடும். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். என்ற பன்னாட்டு அமைப்பு இதே சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. அதன் பணிக்குழுக்கள் தலையை எண்ணி முடிவெடுப்பதில்லை; இருப்பவர்கள் 'ம்ம்' என்று ஒலி எழுப்ப, நடத்துநர் கூட்டத்தின் போக்கை அறிகிறார். அந்த ஒலியோடு வேலை முடிவதில்லை. எழுந்த ஒவ்வொரு மறுப்பும் பரிசீலிக்கப்பட்டதா என்பதே உரைகல் என்று 2014-இல் அங்கு வெளியான ஆவணம் விளக்குகிறது. மறுப்பை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த அளவுகோல் நம் மண்டபங்களுக்கும் பொருந்தும், ஒரு கூடுதல் கடமையோடு. பேசிப் பழகாதவரிடம் தலைவர்தான் போய்க் கேட்க வேண்டும். சுங்கை சிப்புட்காரரான அரசியல் தலைவர் துன் வி. தி. சம்பந்தன், துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் பத்து வெள்ளி கட்டத் துணிந்தவரே சேர்ந்தார். அங்கே சம்மதம் கையில் தெரிந்தது. கோயில் தீர்மானமோ கட்டாதவரையும் கட்டுகிறது. அதனால் கேட்கும் பொறுப்பு இங்கே இன்னும் கனமானது.

பின்வரிசைப் பாட்டி ஒருவர், "புதுக் கோயிலுக்கு நான் எப்படிய்யா நடந்து வருவேன்?" என்கிறார் என்று வையுங்கள். அந்த வாசகம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை வேன் உண்டா, இல்லையா என்ற பதிலும் அதன் கீழே வர வேண்டும். பதில் இல்லையென்றால் இத்தனை பேர் ஆதரவு, இத்தனை பேர் எதிர்ப்பு என்று எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்திடலாம்.