அரியணையில் எத்தனை பேர் அமரலாம்?

வீட்டில் மனைவியின் சொல்லுக்குக் கணவன் கட்டுப்பட்டு நடந்தால், ‘அங்கே அல்லி தர்பார் நடக்கிறது’ என்று சொல்லிச் சிரிப்பது தமிழரிடையே நெடுநாளாக உள்ள வழக்கு. சொல்பவருக்கும் பகை இல்லை. கேட்பவருக்கும் பகை இல்லை. சிறு நகைச்சுவை, அவ்வளவே. ஆயினும் ஒரு சமுதாயம் எதைக் கண்டு அழுகிறது என்பதைவிட எதைக் கண்டு சிரிக்கிறது என்பதே அதன் உள்ளத்தை நன்கு புலப்படுத்தும். அல்லியின் பெயரால் எழும் இச்சிரிப்பினுள் ஒரு கேள்வி மறைந்து கிடக்கிறது. அரியணை என்பது ஒருவர் மட்டுமே அமரத்தக்க இருக்கைதானா? ஒருவர் ஏறினால் மற்றவர் தோற்றே ஆக வேண்டுமா?

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்தது நிபோங் திபால். கெடா, பேராக் ஆகிய இரு மாநிலங்களின் எல்லைகளும் அதற்கு அருகிலேயே உள்ளன. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களாகத் தொடங்கிப் பின்னர் இரப்பர்த் தோட்டங்களாக மாறிய நிலங்கள் அவ்வூரைச் சூழ்ந்திருந்தன. கலிடோனியா, பைராம் போன்ற தோட்டங்களின் பெயர்கள் அவ்வட்டாரத் தமிழர்க்கு ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன. மலாயாத் தோட்டப்புறத் தமிழர் தம்முடன் கொண்டுவந்த செல்வங்களுள் ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களும் அடங்கும். எழுத்தறிந்த ஒருவர் விளக்கொளியில் இராகமிட்டுப் படிக்க, லயத்து வாசலில் அமர்ந்து மற்றவர் கேட்பர். கோயில் திருவிழா நாள்களில் அக்கதைகளே விடிய விடியக் கூத்தாகும். நிபோங் திபால் வட்டாரமும் அந்தப் பெருவழக்கின் ஒரு பகுதியே. அக்கதைகளுள் முன்வரிசையில் நின்றது, புகழேந்தியார் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலை.

கதை யாவரும் அறிந்ததே. மதுரையை ஆள்கிறாள் அல்லி. அவள் அவையில் அமைச்சரும் பெண்கள். அவள் வாயிலைக் காக்கும் படையினரும் பெண்கள். ஆடவரைத் தன் நிழலிலும் அண்டவிடாத அவ்வரசியின்மீது அர்ச்சுனன் காதல் கொள்கிறான். காண்டீபம் ஏந்திய கையால் ஆகாத செயலை மாறுவேடத்தால் முடிக்க முனைகிறான். கண்ணன் பாம்பாட்டியாக வருகிறான். அர்ச்சுனன் பாம்பாக வருகிறான். இறுதியில், உறங்கிக் கொண்டிருக்கும் அரசியின் கழுத்தில் தாலி ஏறிவிடுகிறது. கண் விழித்த அல்லியின் சீற்றத்தைக் கண்டு கூட்டம் குலுங்கிச் சிரிக்கிறது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டம் சிரிப்பது எதைக் கண்டு? உலகை வென்ற வில்லாளி பாம்பாகி ஊர்ந்து வருவதைக் கண்டு சிரிக்கிறது என்றால், அது நல்ல நகை. வலியவனின் செருக்கு அங்கே உடைகிறது. பகலெல்லாம் தொரைக்கும் கிராணிக்கும் அடங்கி நின்ற மக்கள், ஆணையிடும் ஒரு தமிழ்ப் பெண்ணை இரவிலே மேடையில் கண்டு மகிழ்ந்ததும் இயல்பே. ஆனால் விழித்திருந்தபோது எவராலும் வெல்ல முடியாத ஒருத்தி, உறக்கத்தில் வெல்லப்பட்டாள் என்பதைக் கண்டு சிரிப்பது வேறு. அவளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பாள் என்பதனாலேயே கேட்கவில்லை. காதல் என்று பெயர் சூட்டப்பட்டாலும் அது ஒரு முற்றுகையே. ‘அல்லி தர்பார்’ என்ற ஏளனச் சொல் இந்த இரண்டாம் சிரிப்பிலிருந்து பிறந்தது. அரியணையில் பெண் அமர்ந்தால் அது ஒரு நோய். அந்நோய்க்குத் தாலியே மருந்து என்பது அதன் உட்பொருள்.

அல்லியின் கதையில் போட்டி ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிகழ்ந்தது. ஒரு தந்தைக்குப் பிறந்த பெண்கள் இருவர் ஓர் அரியணைக்கு உரிமை கொண்டால் என்ன ஆகும்? வாளேந்திய சகோதரியர் மோதுவதைக் கற்பனைக் கதைகள் வேடிக்கையாகச் சித்திரிக்கலாம். வரலாறு அத்துணை வேடிக்கையாக இல்லை.

எகிப்து நாட்டின் கிளியோபாத்திராவை அறியாதார் இலர். அவளுக்கு அர்சினோ என்னும் தங்கை இருந்ததை அறிந்தோர் சிலரே. கி.மு. 48-இல் உரோமானியத் தளபதி சூலியசு சீசர் அலெக்சாந்திரியா நகருக்கு வந்து கிளியோபாத்திராவின் பக்கம் நின்றபோது, அர்சினோ அரண்மனையிலிருந்து தப்பி, எதிர்ப்படையோடு சேர்ந்து, தன்னையே அரசியாக அறிவித்துப் போரிட்டாள், தோற்றாள். கி.மு. 46-இல் உரோமாபுரியில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் விலங்கு பூட்டி நடத்திச் செல்லப்பட்டாள். பின்னர் எபேசு நகரத்துக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவளை, கி.மு. 41-இல் அக்காளின் விருப்பப்படி அந்தோனியின் ஆட்கள் கொன்றனர். அக்காள் வென்றுவிட்டாள் என்று எண்ணத் தோன்றும். பதினோராண்டுகள் கழித்து, கி.மு. 30-இல், கிளியோபாத்திராவும் மாண்டாள். எகிப்து உரோமானியரின் உடைமையாயிற்று. பூனைகள் இரண்டு அப்பத்துக்குச் சண்டையிட, பங்கு பிரிக்க வந்த குரங்கே முழுவதையும் தின்ற கதையைத் தமிழ்க் குழந்தைகள் அறிவர். அது குழந்தைகளுக்கு மட்டும் உரிய கதையன்று.

இங்கிலாந்தின் மேரியும் எலிசபெத்தும் தாயர் வேறாயினும் தந்தை ஒருவரே. 1553-இல் அரசியான மேரி, மறு ஆண்டு எழுந்த கிளர்ச்சியில் தங்கைக்கும் பங்குண்டோ என ஐயுற்று, அவளை இலண்டன் கோட்டையில் சிறை வைத்தாள். 1558-இல் மேரி மகப்பேறின்றி இறக்க, அதே தங்கை அரியணை ஏறினாள். இன்று வெசுட்மின்சுடர்ப் பெருங்கோயிலில் இருவரும் ஒரே கல்லறையில் துயில்கின்றனர். மேலே செதுக்கப்பட்டிருப்பது எலிசபெத்தின் உருவம் மட்டுமே. உயிரோடிருந்தபோது ஒரே மாளிகையில் அச்சமின்றி உறங்க முடியாதவர்களை மண் ஒன்றாக உறங்க வைத்துவிட்டது.

இவற்றைப் படிப்போர், ‘அரியணை என்றால் இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடக் கூடும். அம்முடிவை மறுக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நிபோங் திபாலிலிருந்து கெடாவைக் கடந்து வடகிழக்கே சென்றால், இன்று தாய்லாந்தின் தென்பகுதியாக உள்ள பட்டாணி. அங்கே பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரச குடும்பத்து ஆடவர் ஒருவரையொருவர் கொன்று தீர்த்தனர். ஆண்மகன் எவனும் எஞ்சாத நிலையில், 1584-இல் மூத்த இளவரசி அரியணை ஏறினாள். அவள் பெயர் ராஜா ஹிஜாவ். அவளுக்குப்பின் 1616-இல் தங்கை ராஜா பிரு. அவளுக்குப்பின் 1624-இல் அடுத்த தங்கை ராஜா உங்கு. 1635-இல் அவளுடைய மகள் ராஜா கூனிங். பச்சை, நீலம், ஊதா, மஞ்சள்! தமிழ்ப் பள்ளிச் சிறுவர் தேசிய மொழிப் பாடத்தில் தொடக்கத்திலேயே கற்கும் நிறச் சொற்களே அவ்வரசியரின் பெயர்கள். ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் சீனரும் சப்பானியரும் வந்து வாணிகம் செய்த துறைமுகமாகப் பட்டாணி சிறந்து விளங்கியது அவர்கள் காலத்திலேதான்.

மூத்தவள் முடி சூடிய தொடக்கத்தில், அமைச்சர் தலைவனான பெண்டகாரா படைதிரட்டி அரண்மனைக்கு வந்த கதையை ‘இகாயாட் பட்டானி’ என்னும் மலாய் நூல் கூறுகிறது. அரசி வெளியே வந்தாள். வாளை உருவவில்லை, தன் தோளில் கிடந்த துகிலை எடுத்து அவன்பால் வீசினாள். அவன் அதைத் தலையில் கட்டிக்கொண்டு, வணங்கித் திரும்பிச் சென்றான். அல்லியின் கதையில் ஆண் வெல்வதற்குப் பெண் உறங்க வேண்டியிருந்தது. இங்கே பெண் விழித்திருந்தாள். வந்தவன் தோற்றான் என்றும் சொல்வதற்கில்லை. அவனுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தே அவள் தன் மதிப்பைக் காத்துக்கொண்டாள்.

இதனினும் சுவையானது மற்றொரு செய்தி. தங்கை உங்கு பாகாங் மன்னனுக்கு மனைவியாகிப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தங்கையைக் காண வேண்டும் என்று அக்காள் பலமுறை வேண்டியும் பாகாங் மன்னன் அனுப்பவில்லை. அரசி பொறுத்துப் பார்த்தாள். பின்னர்ப் பாகாங்குக்கு அரிசி ஏற்றிச் செல்லும் கப்பல்களைத் தடுத்தாள். அன்பாலோ வலியாலோ தங்கையை அழைத்து வருமாறு தன் கடற்படையையே அனுப்பினாள். ஆங்கிலக் கும்பினியின் கப்பலில் வந்து அப்போது பட்டாணியில் தங்கியிருந்த பீட்டர் புளோரிசு என்னும் வணிகர் இதனைத் தம் குறிப்பில் எழுதி வைத்துள்ளார். 1613-இல் பாகாங் மன்னன் மனைவி மக்களோடு பட்டாணிக்கு வந்து சேர்ந்தான். தங்கையை ஒழிக்கப் படை அனுப்பிய அரசர்களை வரலாறு எண்ணற்றோராய்க் காட்டுகிறது. தங்கையின் முகம் பார்க்கப் படை அனுப்பிய அரசியைக் காட்டுவது அரிது. கணவனை இழந்து பிறந்தகம் திரும்பிய அத்தங்கையே பின்னர் அரசியாகிச் சயாமின் மேலாண்மையை மறுத்து நின்றாள். 1634-இல் சயாம் அனுப்பிய படை பட்டாணியை வெல்ல முடியாமல் திரும்பியது.

பெண்கள் இயல்பிலேயே அமைதியானவர்கள் என்று இதனால் நிறுவ முயல்வது பிழையாகும். அதற்குக் கிளியோபாத்திராவே மறுப்பு. ‘ஆடவர் கொன்றுகொண்டதால் எஞ்சியவர்கள் அஞ்சி ஒற்றுமையாக இருந்தனர்’ என்று ஒருவர் வாதிடலாம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் குருதியைக் கண்ட எல்லாருமே அதிலிருந்து பாடம் கற்பதில்லை. அர்சினோவின் குடும்பத்தில் முன்னரே தந்தை ஒரு மகளைக் கொல்வித்திருந்தான். அக்குருதி அவர்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை. வேறுபாடு பாலில் இல்லை. அரியணையை எவ்வாறு கருதினர் என்பதில் இருக்கிறது. அதனைப் பரிசாகக் கருதியவளுக்கு உடன்பிறந்தாள் போட்டியாளி ஆனாள். அதனைப் பொறுப்பாகக் கருதியவளுக்கு உடன்பிறந்தாள் அப்பொறுப்பை அடுத்து ஏற்கும் துணை ஆனாள். பரிசு ஒருவர்க்கே உரியது. சுமையை மாறி மாறித் தூக்கலாம்.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. தம்பியே அரசாள்வான் என்று நிமித்திகன் கூறக் கேட்டு, அண்ணன் செங்குட்டுவனுக்காக அரசைத் துறந்தவர் இளங்கோவடிகள் என்பது சிலப்பதிகாரத்தோடு வழங்கி வரும் செய்தி. அல்லி ஆண்ட அதே மதுரையில், ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி முடி சூடுகிறாள்; எண்திசையும் வெல்கிறாள்; அதன்பின்னரே மணம் நிகழ்கிறது. மணம் முடிந்ததும் செங்கோல் பறிபோவதில்லை. சித்திரை தொடங்கி நான்கு மாதம் அம்மையின் ஆட்சி, எஞ்சிய மாதங்கள் அப்பனின் ஆட்சி என்பது அவ்வூரார் நம்பிக்கை. அல்லியை ஏளனம் செய்யும் அதே நாவு மீனாட்சியை வாழ்த்தவும் செய்கிறது. எந்தச் சொல்லை வீட்டுக்குள் எடுத்துச் செல்வது என்பது அவரவர் தெரிவு.

வீடுகளில் அரியணைகள் இல்லை என்று எவரும் தப்பித்துக்கொள்ள இயலாது. தந்தை விட்டுச் சென்ற மனைக்கட்டு, சிறு கடை, கோயில் நிருவாகத்துத் தலைமை, சங்கத்து நாற்காலி ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அரியணையே. மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம், இறுதிமுறி எழுதாது இறந்த முசுலிம் அல்லாதாரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. சட்டம் சமமாகப் பிரித்துத் தரும். ஆனால் ‘உனக்குத்தான் கட்டிக் கொடுத்தாயிற்றே’ என்று தங்கையிடம் கையொப்பம் கேட்கும் அண்ணனின் நாவைச் சட்டம் கட்டுப்படுத்தாது. ‘என் பங்கு எங்கே’ என்று தாயின் ஈமக்கடன் முடியுமுன் அக்காளை நோக்கி எழும் குரலையும் அது அடக்காது. முன்னவன், உறங்குபவள் கழுத்தில் தாலி கட்டிய அர்ச்சுனனின் வழியில் நடக்கிறான். பின்னவள் அர்சினோவின் வழியில். இரண்டு வழிகளிலும் சொத்து ஒருவேளை கிட்டும். உடன்பிறப்பு எஞ்சாது. கப்பல் அனுப்பியாவது காண வேண்டிய முகத்தை, நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தும் ஆண்டுக்கணக்கில் காணாதிருக்கும் குடும்பங்கள் எத்தனை!

நிபோங் என்பது ஒருவகைப் பனையின் மலாய்ப் பெயர். தமிழகத்துப் பனையைப்போல் அது தனித்து நிற்பதில்லை. ஓர் அடியிலிருந்தே பல மரங்கள் கிளைத்துக் கூட்டமாக ஓங்கி வளர்கின்றன. அதன் உடலெங்கும் முள் உண்டு. உடன்பிறந்தாரிடையேயும் முள் இல்லாமல் இராது. ஆயினும் ஒன்று உயர்வதற்காக மற்றொன்று அங்கே வீழ்வதில்லை; எல்லாவற்றிற்கும் வேர் ஒன்றே. அம்மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் ‘அல்லி தர்பார்’ என்ற சொல் அடுத்த முறை எழும்போது, சிரிப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினால் போதும். அத்தயக்கத்திலேயே ஒருவர்க்கு அரியணையில் சிறிது இடம் பிறந்துவிடும்.