இரக்கமா, கடமையா?

கலவரம் மூண்ட வேளையில் ஒரு கர்ப்பிணிக்குப் பிரசவ வேதனை எடுக்கிறது. அவளுக்கு உதவுவது இரக்கமா, கடமையா? இரக்கம் என்றால், செய்யாதவரைக் குறை கூற இடமில்லை. கடமை என்றால், விட்டவர் பதில் சொல்லியாக வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது தொலைதூரக் கேள்வியன்று. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது குமுளிப் பாதை அடைபட்டது. ஏலத் தோட்டங்களில் கூலி வேலை செய்த பெண்கள் அஞ்சி மலையிறங்கி வந்தனர். சண்டை பாதையை அடைக்கலாம். நிறைமாதக்காரியின் வேதனை பாதை திறக்கும்வரை காத்திராது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு மிஞ்சினால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடும்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. அந்தக் கூட்டத்தில் கர்ப்பிணிகளும் இருந்தனர். அவர்களை எண்ணி நாம் உருகுகிறோம். அதே நிலையில் மாற்றார் வீட்டுப் பெண் நம் வாசலில் நின்றால்?

குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு தண்டனை வேண்டி வந்த ஒரு கர்ப்பிணியை, பிள்ளை பெறும்வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பியனுப்பினார்கள். அதுவரை அவளைப் பராமரிக்கும் பொறுப்பை அன்ஸாரி ஒருவர் ஏற்றார். முஸ்லிம் ஷரீபில் இதைக் காணலாம். ஷரீஅத்தின் தண்டனையே பிரசவத்துக்காகக் காத்திருந்தது என்றால், எல்லைத் தகராறும் ஜாதிச் சண்டையும் எம்மாத்திரம்?

ஆகவே இது கடமையே. மருத்துவக் கல்வி பர்ளு கிஃபாயா என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதினார்கள். ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லாருடைய பொறுப்பும் நீங்கும். ஒருவருமே இல்லையேல் ஊரே குற்றவாளி. பெண் டாக்டர் வேண்டும் என்கிறோம். நம் பெண்மக்களின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டால் அவர் எங்கிருந்து வருவார்? பெண் டாக்டர் கிடைக்காத நெருக்கடியில், தேவையான அளவுக்கு ஆண் டாக்டர் பார்க்க ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளனர். வெட்கத்தைக் காரணம் காட்டி உயிரை இழக்கலாகாது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் அமைதிக் காலத்திலேயே ஒரு வாகனத்துக்கும் இரத்தம் கொடுப்போருக்கும் ஏற்பாடு செய்து வைக்கட்டும். அழைப்பு வந்தால், யார் வீட்டுப் பெண் என்று கேட்காமல் புறப்படட்டும்.

அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.